பைதன் உடைந்து போகுமா? பிள்ளைகள் படிப்பது வீணாகுமா?



அன்பின் பெற்றோர்களே, பழைய மாணவர்களே, பதிவு நீளம்தான். ஓ.எல்., ஏ.எல். வகுப்பில் ஐசிடி படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் மட்டுமாவது கடைசிவரை வாசித்துவிடுங்கள். பண விஷயமும் இதில் இருக்கிறது.

கொஞ்ச நாளாக நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பாடசாலையில் படிப்பிக்கும் பைதன் கம்பியூட்டருக்கு மட்டும்தானாம். போனுக்கு வேறு பைதனாம், ரோபோவுக்கு இன்னொன்றாம். இன்னும் சில வருடத்தில் ஒவ்வொரு கம்பனியும் தனக்கென ஒரு பைதனை வைத்துக்கொள்ளுமாம். ஆகவே இப்போதே அவர்களுடைய "மொபைல் பைதன்" பாடநெறியில் காசு கட்டிச் சேர்ந்துகொள்ள வேண்டுமாம். இதே கதையோடு ஒரு தரப்பு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் வந்திருக்கிறது. டெப்லட்கள், அந்த டெப்லட்களில் மட்டும் ஓடும் ஒரு செயலி, அந்தச் செயலிக்கு வருடாவருடம் கட்டணம். வெளிநாட்டில் உழைக்கும் நமது சகோதரர்கள் ஐசிடி அறைக்கென்று அனுப்பிய காசில் இதை வாங்கலாமா என்று எங்களிடம் கேட்டார்கள். இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் நாங்கள் சிலர் கூடிப் பேசி எழுதும் பதில்தான் இது.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். பைதன் விண்டோஸ் பைதன், போன் பைதன் என்று துண்டு துண்டாகப் பிரியும் என்று நாங்கள் நம்பவில்லை. அந்தப் பயத்தைக் காட்டி விற்கும் எதையும் வாங்கவும் வேண்டாம். ஆனால் கேள்வி மடத்தனமான கேள்வியல்ல. மொழிகள் உடைந்திருக்கின்றன. அப்படி உடைந்த ஒரு மொழியின் துண்டைத்தான் ஓ.எல். பிள்ளைகள் இன்றும் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பஸ்காலைச் சொல்கிறோம்.

செய்நிரல் மொழி என்பது வேறு, அந்த மொழியை இயந்திரத்தில் ஓட்டும் மென்பொருள் என்பது வேறு. மொழி ஒரு சமையல் குறிப்பு மாதிரி. வட்டிலப்பத்துக்கு முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி என்று குறிப்பு ஒன்றுதான். அவிப்பவர் கை ஊருக்கு ஊர் வேறு. கை வேறுபட்டாலும் சாப்பிடுகிறவருக்கு அது வட்டிலப்பம்தான். முட்டையை விட்டுவிட்டுக் கடல்பாசி போட்டு இறக்கி, அதையும் வட்டிலப்பம் என்று விற்கத் தொடங்கும்போதுதான் பிரச்சினை. செய்நிரல் மொழிகளிலும் அதேதான் நடந்தது.

பஸ்காலை உருவாக்கியவர் நிக்லவுஸ் விர்த், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1970இல் வெளியிட்டார். மாணவர்களுக்கு ஒழுங்காகச் செய்நிரல் எழுதப் பழக்கும் ஆசை அவருக்கு இருந்தது. அதனால் மொழியை மிகச் சிறியதாக வைத்தார். சிறியதாக வைத்ததில் சில அத்தியாவசியங்களும் விடுபட்டுப் போயின. ஒருவரின் பெயர், ஊர் போன்ற நீளம் மாறும் சொற்களை வைத்துக்கொள்ள வசதியான ஒரு தரவு வகை அதில் இல்லை. பெரிய செய்நிரலொன்றைப் பல கோப்புகளாகப் பிரித்து எழுத வழியில்லை. வகுப்பறைக்கு இது போதும், வேலைத்தளத்துக்குப் போதாது. எனவே பஸ்காலை விற்ற ஒவ்வொருவரும் குறையைத் தத்தமது கையால் நிரப்பினார்கள். 1981இல் பிரையன் கேர்னிகன் பஸ்கால் தனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு கட்டுரையே எழுதினார். சீ மொழியின் புகழ்பெற்ற பாடநூலை எழுதிய இருவரில் ஒருவர் அவர். ஆளுக்கொரு விதமாக நிரப்புவதால் ஓரிடத்தில் எழுதிய செய்நிரல் இன்னோரிடத்தில் ஓடாமல் போகிறது என்பது அவருடைய முறைப்பாடுகளில் ஒன்று.

1983ஆம் ஆண்டு வேடிக்கையான ஆண்டு. அந்த வருடம்தான் பஸ்காலுக்கான சர்வதேச நியமம் வெளிவந்தது. இலக்கம் 7185. அதே வருடம்தான் அமெரிக்காவின் போலண்ட் கம்பனி டேர்போ பஸ்காலையும் விற்பனைக்கு விட்டது. விலை 49.95 டொலர். அந்தக் காலத்தில் மற்ற பஸ்கால் கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டொலருக்கு விலைபோயின. இதில் எழுதும் இடமும் ஓட்டும் இடமும் ஒரே திரையில் இருந்தன, ஓட்டமும் வேகம். எழுதியவர் அண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற டென்மார்க் இளைஞர். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் வருகிறார். நியமத்தில் இல்லாத ஸ்ட்ரிங் வகை டேர்போவில் இருந்தது, 255 எழுத்து வரை பிடிக்கும். சனம் எதை எடுத்திருக்கும்? நியமப் புத்தகம் அலுமாரியில் இருந்தது, டேர்போ கம்பியூட்டரில் இருந்தது. 1990இல் இன்னும் விரிவான நியமமொன்றும் வந்தது. அதைப் பின்பற்றிய கம்பைலர்கள் மிகச் சொற்பம். மெக்கின்டோஷ் பக்கம் அப்பிள் தன் வழியில் போனது. விண்டோஸ் பக்கம் 1995இல் போலண்ட் டெல்பியைக் கொண்டுவந்தது.

இன்று நமது பிள்ளைகள் பாவிக்கும் ஃப்ரீ பஸ்கால் இலவசமானது, நல்லது, டேர்போவின் வழியில் வந்தது. அதாவது 11ஆம் தரப் பிள்ளை ஸ்ட்ரிங் என்று எழுதும்போது அது விர்த்தின் பஸ்கால் அல்ல, போலண்டின் பஸ்கால். இதைக் குறையாகச் சொல்லவில்லை. படிப்பிக்க அது நன்றாகவே உதவுகிறது. ஆனால் மொழி உடைந்தால் என்ன நடக்கும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது.

செய்துபார்க்க வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள். இன்டிஜர் வகையில் மூன்று மாறிகள். முதலாவதில் 200, இரண்டாவதிலும் 200, இரண்டையும் பெருக்கி மூன்றாவதில் போட்டு அச்சிடுங்கள். நாலாம் வகுப்புக் கணக்கு, விடை 40000. டெல்பியின் 32 பிட் பதிப்புகளில் 40000 என்றே வரும். டேர்போ பஸ்காலில் மறை 25536 என்று வரும். பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, சத்தமில்லாமல் வரும். டேர்போவின் இன்டிஜருக்கு 16 பிட் இடம்தான், 32767க்கு மேல் அதில் கொள்ளாது. 40000இலிருந்து 65536ஐக் கழித்தால் கிடைப்பதுதான் அந்த மறை எண். ஃப்ரீ பஸ்காலிலோ எந்த மோடில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இன்டிஜர் 16 பிட்டாகவும் இருக்கும், 32 பிட்டாகவும் இருக்கும். ஒரே வரிகள், ஒரே எழுத்துகள், இரண்டு விடைகள். இதுதான் உடைவு. இதைக் கண்ட பிள்ளைக்கு நாங்கள் வேறு விளக்கம் கொடுக்கத் தேவையில்லை.

இன்னொன்று. பல குறிப்புக் கொப்பிகளில் செய்நிரலின் தலையில் சிஆர்டி என்ற யூனிட்டைச் சேர்த்து, திரையைத் துடைக்கும் கட்டளையோடு ஆரம்பிக்கும் பழக்கம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரியாது, சேர் எழுதச் சொன்னார் என்பார்கள். அந்த யூனிட் பஸ்காலின் பகுதியே அல்ல. ஐபிஎம் வகைக் கம்பியூட்டரின் திரையையும் விசைப்பலகையையும் கையாள போலண்ட் செய்த துணைப்பொருள். அதில் ஒரு விபரீதமும் நடந்தது. கம்பியூட்டரின் வேகத்தை அளந்து வைத்துக்கொள்ள அந்த யூனிட் தொடக்கத்திலேயே ஒரு வகுத்தல் கணக்குப் போடும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேகமான பென்டியம் இயந்திரங்கள் வந்ததும் அந்தக் கணக்கின் விடை ஒதுக்கிய இடத்தில் கொள்ளாமல் போனது. செய்நிரல் ஒரு வரிகூட ஓடாமல் 200ஆம் இலக்கப் பிழை காட்டி நின்றது. செய்நிரலை எழுதியவர் ஒன்றும் செய்யவில்லை, புதுக் கம்பியூட்டர் வாங்கினார், அவ்வளவுதான். ஃப்ரீ பஸ்காலில் அந்தக் கோளாறு இல்லை. என்றாலும் இணையத்தில் ஓடும் கம்பைலர்களில் இந்த யூனிட்டைச் சேர்த்து ஓட்டினால் விடையோடு குப்பை எழுத்துகளும் வருவதுண்டு. தேவையில்லாத இடத்தில் அதை எழுதாமல் விட்டால் எங்கும் ஓடும்.

பஸ்கால் உடைந்தது தேவையினால். யாரும் உடைக்க நினைக்கவில்லை. ஜாவாவின் கதை வேறு, அங்கே ஒரு கை இருந்தது.

ஜாவாவை 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டபோது சொன்னதே ஒரு முறை எழுது, எங்கும் ஓட்டு என்பதுதான். விண்டோஸிலும் மெக்கின்டோஷிலும் சன்னின் சொந்த இயந்திரங்களிலும் ஒரே செய்நிரல் ஓடும். இது யாருக்குப் பிடிக்காது? செய்நிரல்கள் விண்டோஸில் மட்டும் ஓடுவதால் விண்டோஸை விற்பவருக்கு. மைக்ரோசொப்ட் 1996இல் சன்னிடம் ஜாவாவுக்கு உரிமம் வாங்கியது. தன் பதிப்பில் சன் கேட்ட சில பகுதிகளைச் சேர்க்காமல் விட்டது, விண்டோஸை மட்டும் தொடும் சில வசதிகளையும் புதிய சொற்களையும் சேர்த்தது. அந்த வசதிகள் கெட்டவையல்ல, சில உண்மையிலேயே நன்றாக இருந்தன. ஆனால் அவற்றைப் பாவித்து எழுதிய செய்நிரல் விண்டோஸை விட்டு வெளியே போகாது. எழுதியவருக்கு அது தெரியாமலே போகலாம், ஏனெனில் பெட்டியின் மேல் ஜாவா என்றே எழுதியிருந்தது. கடல்பாசிதான்.

சன் 1997 ஒக்டோபரில் வழக்குப் போட்டது. 2001 ஜனவரியில் மைக்ரோசொப்ட் 20 மில்லியன் டொலர் கொடுத்துச் சமரசமானது. மைக்ரோசொப்டின் ஜாவா அதோடு முடிந்தது. இதற்கிடையில் 2000இல் அவர்கள் சீ ஷார்ப் என்று தங்கள் சொந்த மொழியை அறிவித்துவிட்டார்கள். அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் யார்? டேர்போ பஸ்கால் எழுதிய அதே ஹெய்ல்ஸ்பெர்க். 1996இல் மைக்ரோசொப்டுக்குப் போய், அவர்களுடைய ஜாவாவிலும் வேலை செய்திருந்தார். சீ ஷார்ப் விஷயத்தில் நாங்கள் குறை காணமாட்டோம். வேறு பண்டத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள், அது நேர்மை. பிற்காலத்தில் அது விண்டோஸுக்கு வெளியேயும் நன்றாக ஓடத் தொடங்கியது.

இதெல்லாம் அமெரிக்கக் கம்பனிகளின் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கிறவர்கள் தங்கள் பழைய கோப்புகளைத் திறந்து பாருங்கள். பாமினி எழுத்துருவில் டைப் செய்த பள்ளிவாசல் அறிவித்தல், மரண அறிவித்தல், வினாத்தாள் எத்தனை இருக்கிறது? பாமினி இல்லாத கம்பியூட்டரில் அல்லது போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல். மொழி தமிழ்தான், அறிவித்தலும் நமதுதான். வைத்திருந்த விதம்தான் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறாக இருந்தது. யுனிகோட் வந்து அந்தக் காயம் ஆறியது. ஆனால் மாற்றி எழுதாத கோப்புகள் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன.

இனி பைதனுக்கு வருவோம். ஏ.எல். பிள்ளைகளின் மொழி, விளம்பரக்காரர்கள் பயம் காட்டும் மொழி.

பைதன் உடைவதற்கு வாய்ப்பு இல்லாமல் இருந்ததில்லை. குய்டோ வான் ரொஸம் 1991இல் வெளியிட்ட பைதன் சீ மொழியில் எழுதப்பட்டது, அதைச் சிபைதன் என்பார்கள். நாம் இணையத்திலிருந்து இறக்கி நிறுவுவது அதைத்தான். 1997இல் ஜிம் ஹூகனின் என்பவர் ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடும் பைதனை எழுதத் தொடங்கினார், அது ஜைதன் ஆனது. பிறகு அவரே மைக்ரோசொப்டின் டொட் நெட் மேல் ஓடும் அயர்ன்பைதனையும் எழுதினார். அதன் முதற்பதிப்பு 2006இல் வந்தது. விளம்பரக்காரர் சொல்லும் கதை உண்மையாவதென்றால் அப்போதே ஆகியிருக்க வேண்டும்: ஜாவா உலகத்துக்கு ஒரு பைதன், மைக்ரோசொப்டுக்கு ஒரு பைதன், மற்றவர்களுக்கு ஒன்று.

ஆகவில்லை. சிபைதன் மூன்றாம் தலைமுறைக்கு 2008இலேயே போய்விட்டது, இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1உடன் நின்றது. ஜைதன் இன்னும் 2.7இலேயே நிற்கிறது. அயர்ன்பைதன் 3.4க்கு வந்து சேர்ந்ததே 2022 டிசம்பரில்தான். சனம் அங்கே போகாததற்குப் பெரிய காரணம் நூலகங்கள். கணக்கு, விஞ்ஞானம், செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் நம்பை போன்ற நூலகங்கள் சீ மொழியில் எழுதப்பட்டு, சிபைதனோடு இறுகப் பிணைந்தவை. அவை ஓடாத பைதன் யாருக்கு வேண்டும்? அந்த நம்பையின் மூதாதையான நியூமெரிக் என்ற நூலகத்தை எழுதியவரும் அதே ஜிம் ஹூகனின்தான். தன் இரண்டு வீடுகளுக்கும் ஆள் வராதபடி மூன்றாவது வீட்டுக்கு அவரே அத்திவாரம் போட்டிருக்கிறார். நாங்கள் இதைப் பேசி நிறையச் சிரித்தோம்.

அதிகாரம் யார் கையில் என்பதும் முக்கியம். ஜாவாவில் ஒரு கம்பனியின் கை இருந்தது, இன்னொரு கம்பனி அதை முறுக்கப் பார்த்தது. பைதனின் பெயருக்கு உரிமை பைதன் மென்பொருள் அறக்கட்டளையிடம். மொழியில் என்ன மாற்றம் என்று முடிவுசெய்வது 2019 முதல் ஐந்து பேர் கொண்ட, வாக்களித்துத் தெரிவாகும் ஒரு குழு. அந்த ஐவரில் ஒரே கம்பனியில் வேலை செய்பவர் இருவருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதியே இருக்கிறது. நமது சங்கங்களின் யாப்பிலும் இப்படி ஒரு வரி இருந்தால் நல்லது என்று எங்களில் ஒருவர் சொன்னார். அதை இங்கே விவாதிக்க வரவில்லை.

போனுக்கு வேறு பைதனா என்ற கேள்விக்கு நேரான பதில் 2024 ஒக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் இருக்கிறது. அந்தப் பதிப்பில் அண்ட்ரொய்டும் ஐபோனின் ஐஓஎஸ்ஸும் சிபைதன் ஆதரிக்கும் தளங்களின் பட்டியலில் உத்தியோகபூர்வமாகச் சேர்க்கப்பட்டன. புதுப் பைதன் ஒன்று போனுக்கென்று பிறக்கவில்லை, இருக்கிற பைதன் போனுக்கும் வந்தது. இணைய உலாவியிலும் அதே மாதிரிதான். 2018இல் மொஸில்லாவில் தொடங்கிய பையொடைட் என்ற திட்டம் சிபைதனையே உலாவிக்குள் ஓட வைக்கிறது.

ரோபோ விஷயத்தில் மட்டும் விளம்பரத்தில் அரைவாசி உண்மை உண்டு. டேமியன் ஜோர்ஜ் 2013இல் தொடங்கிய மைக்ரோபைதன் வேறு மென்பொருள்தான். 16 கிலோபைட் நினைவகம் உள்ள சின்னச் சில்லிலும் ஓட வேண்டும் என்று முதலிலிருந்து எழுதப்பட்டது. 2016இல் பிரித்தானியாவில் சுமார் பத்து லட்சம் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பிபிசி இலவசமாகக் கொடுத்த மைக்ரோபிட் பலகையில் ஓடியது அதுதான். நம்பை அங்கே ஓடாது, பல நூலகங்கள் சுருங்கியோ இல்லாமலோ இருக்கும். ஆனால் இஃப், வைல், ஃபோர், பட்டியல், சார்பு, ஏ.எல். பிள்ளை பேனையால் எழுதும் அத்தனையும் அப்படியே ஓடும். தான் சின்னது என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது, எங்கெங்கே வேறுபடுகிறது என்று தன் ஆவணத்திலும் எழுதி வைத்திருக்கிறது. வட்டிலப்பத்தைச் சின்னக் கோப்பையில் அவித்த மாதிரி. அதைப் பழக வேறு பாடநெறிக்குக் காசு கட்டத் தேவையில்லை, பைதன் தெரிந்த பிள்ளை ஒரு பின்னேரத்தில் பழகிவிடும்.

அப்படியானால் தளத்துக்குத் தளம் பைதனில் வித்தியாசமே கிடையாதா? இருக்கிறது. விளம்பரக்காரர் சொல்லாத இடத்தில் இருக்கிறது, தமிழில் எழுதும் நம் பிள்ளைகளைத்தான் அது கடிக்கிறது.

முன்பு ஒரு சின்ன உடைவு இருந்தது. ஒரு முகக்குறியின் நீளத்தைக் கேட்டால் விண்டோஸில் 2 என்றும் பல லினக்ஸ் இயந்திரங்களில் 1 என்றும் சொல்லும். எழுத்துகளை உள்ளே வைத்திருந்த விதம் வேறு. 2012இல் வந்த 3.3 பதிப்பில் அதை ஒன்றாக்கிவிட்டார்கள்.

இன்றும் நிற்பது கோப்பு விவகாரம். பிள்ளை வகுப்பு மாணவர் பெயர்களைத் தமிழில் ஒரு கோப்பில் யூடிஎப்-8 முறையில் சேமித்து வைக்கிறது. போனிலோ லினக்ஸிலோ பைதனால் திறந்து வாசித்தால் ஒழுங்காக வருகிறது. அதே செய்நிரலை, அதே கோப்பை, ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸ் கம்பியூட்டரில் ஓட்டினால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. ஏனென்றால் கோப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்று நாம் சொல்லாவிட்டால், விண்டோஸில் பைதன் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய முறையை எடுத்துக்கொள்கிறது. நமது புள்ளி இருக்கிறதே, மெய்யெழுத்தின் தலையில் வைப்பது, அது யூடிஎப்-8இல் மூன்று பைட். அதில் கடைசி பைட்டுக்கு அந்தப் பழைய அட்டவணையில் எழுத்தே இல்லை, வெற்றிடம். புள்ளியைக் கண்டதும் பைதன் திகைத்து நின்றுவிடுகிறது. புள்ளி இல்லாத சொல்லென்றால் பிழை காட்டாமல் குப்பையை வாசித்துவிடவும் கூடும், அது இன்னும் மோசம். ஆங்கிலத்தில் மட்டும் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு இது ஒருநாளும் தெரியாது. செயற்திட்டத்துக்கென்று தமிழில் ஏதாவது செய்யப்போகும் பிள்ளைதான் வீட்டில் ஓடியது லேபில் ஓடவில்லையே என்று அழுகிற நிலைக்கு வருகிறது. தன் மூளையில்தான் பிழை என்று நினைத்துப் பாடத்தையே விட்ட பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம்.

மருந்து ஒரு வரிதான். கோப்பைத் திறக்கும் கட்டளைக்குள் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎப்-8 என்று எழுதிவிடுவது. எழுதினால் எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி ஓடும். வரவிருக்கும் 3.15 பதிப்பிலிருந்து சொல்லாவிட்டாலும் யூடிஎப்-8 தான் என்று பைதன்காரர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். நமது ஐசிடி அறைகளில் அந்தப் பதிப்பு வந்து சேர எத்தனை வருடமாகும் என்று அறிந்தவர்களுக்குத் தெரியும். அதுவரை அந்த ஒரு வரியை எழுதுங்கள். டியூஷன் படிப்பிக்கும் சகோதரர்களும் தயவுசெய்து குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த டெப்லட்.

எங்களுக்கு மாதிரி காட்டினார்கள். பிள்ளைகள் படம் இழுத்து வைத்தால் பைதன் மாதிரி ஒன்று ஓடுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. நாங்கள் கேட்டது ஒன்றுதான்: பிள்ளை இதில் எழுதியதை ஒரு சாதாரண பை கோப்பாக வெளியே எடுத்து, வீட்டிலுள்ள பழைய லெப்டொப்பில் ஓட்ட முடியுமா? முடியாது என்றார்கள், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அந்தச் செயலியில் மட்டும் உள்ள கட்டளைகள் பல இருக்கின்றன, அவற்றுக்கும் பைதன் கட்டளைகளுக்கும் வித்தியாசம் எங்கேயும் எழுதப்படவில்லை. கட்டணத்தை நிறுத்தினால் பிள்ளைகள் எழுதியது எல்லாம் உள்ளேயே இருக்கும். பைதன் உடையப்போகிறது என்று பயம் காட்டி வந்தவர்கள் கையில்தான் உடைந்த துண்டு ஒன்று இருந்தது.

எனவே எங்கள் கருத்து வேண்டாம் என்பதே. டெப்லட் மேல் எங்களுக்கு வெறுப்பில்லை. சாதாரண பைதன் நிறுவக்கூடிய, விசைப்பலகை உள்ள எதுவாக இருந்தாலும் நல்லது. அதே காசில் பாவித்த கம்பியூட்டர்கள் சிலவற்றையும், ஒவ்வொன்றிலும் கூட்டிக்கொள்ள நினைவகத்தையும், மின்சாரம் போகும்போது தாங்க ஒரு யூபிஎஸ்ஸையும் வாங்கலாம். பைதன் இலவசம், ஃப்ரீ பஸ்கால் இலவசம், லினக்ஸ் இலவசம். அறையில் பாதி இயந்திரத்தில் விண்டோஸும் பாதியில் லினக்ஸும் வைத்தால் இன்னும் நல்லது. பிள்ளை ஒன்றில் எழுதியதை மற்றதிலும் ஓட்டிப் பார்க்கும், எது மொழி, எது அந்த இயந்திரத்தின் பழக்கம் என்று அதற்கே தெரிந்துவிடும். மிஞ்சினால் மைக்ரோபிட் மாதிரிப் பலகை ஐந்தாறு வாங்கலாம். காசு அனுப்பிய சகோதரர்கள் கருத்துச் சொல்ல விரும்பினால் இந்தப் பதிவின் கீழேயே எழுதுங்கள், சங்கக் கூட்டத்தில் அப்படியே வாசித்துக்காட்டுவோம்.

"மொபைல் பைதன்" வகுப்புக்கு ஏற்கனவே காசு கட்டியவர்கள் பதற வேண்டாம். பிள்ளை அங்கே எழுதிய கொப்பியை எங்களில் ஒருவரிடம் அனுப்புங்கள். அதில் எது பரீட்சையில் செல்லும், எது அந்தச் செயலிக்குள் மட்டும் செல்லும் என்று குறித்துத் தருகிறோம். கட்டணம் கிடையாது. அஸருக்குப் பிறகு ஐசிடி அறையில் இருப்போம்.

வீட்டு மூலையில் தொண்ணூறுகளின் பழைய கம்பியூட்டர் யாரிடமாவது கிடந்தால், பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் எங்களிடம் சொல்லுங்கள். டேர்போ பஸ்கால் இன்னும் ஓடுகிற ஒன்று எங்களுக்கு வேண்டும். அந்த மறை 25536ஐப் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்.